பூட்டும் பேரேடும்: ஏபிஐயைக் காப்பதும் கணக்கெடுப்பதும்

ஒரு மென்பொருள் தன்னிடமுள்ள தகவலையோ தான் செய்யும் வேலையையோ இன்னொரு மென்பொருளுக்குத் தருவதற்காகத் திறந்துவைக்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம் என்று நூல்கள் இதைக் குறிப்பிட்டாலும், தொழிலில் இருப்பவர்கள் பேச்சிலும் எழுத்திலும் ஏபிஐ என்றே வழங்குவதால் இங்கும் அந்தச் சொல்லே கையாளப்படுகிறது. மளிகைக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்று இருப்பதாகக் கொண்டால், கடைக்காரர் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் பகுதி அதன் முன்வாசல்; அந்தக் கடையின் ஆடிட்டர் வைத்திருக்கும் வரிக் கணக்கு மென்பொருள் இரவு பத்து மணிக்குத் தானாகவே வந்து அன்றைய பில்களை எடுத்துச் செல்லும் வழி அதன் ஏபிஐ.

முன்வாசலுக்கும் இந்த வழிக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, பின்னதில் மனிதக் கண் இல்லை என்பதே. வங்கிக் கவுன்டரில் ஒருவர் நின்று தன் கணக்கின் இருப்பைக் கேட்டபின், அடுத்த எண்ணுக்குரிய கணக்கையும் அதற்கடுத்த எண்ணுக்குரியதையும் கேட்டுக்கொண்டே போனால், மூன்றாவது கேள்வியிலேயே குமாஸ்தா தலைநிமிர்ந்து பார்ப்பார். ஏபிஐ நிமிர்ந்து பார்ப்பதில்லை. கேள்வி சரியான வடிவத்தில் இருக்கும்வரை பத்தாயிரமாவது கேள்விக்கும் முதல் கேள்விக்குக் காட்டிய அதே பணிவோடு பதில் தரும். எழுதியவர் சொல்லித்தராத எந்தச் சந்தேகமும் அதற்கு எழாது.

ஆகவே ஏபிஐக்கு இரண்டு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. யார் உள்ளே வரலாம், எதைத் தொடலாம், எவ்வளவு எடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பூட்டு. வந்தவர் எதைத் தொட்டார், எவ்வளவு எடுத்தார் என்று ஒவ்வொரு வரியாக எழுதிவைத்து அதைத் திரும்பப் படிப்பது பேரேடு. பல நிறுவனங்களில் முதலாவதைப் பாதுகாப்புக் குழுவும் இரண்டாவதை இயக்கக் குழுவும் தனித்தனியே பார்த்துக்கொள்கின்றன. அந்தப் பிரிவினை தவறானது என்பதும், கடந்த சில ஆண்டுகளில் நேர்ந்த பெரிய ஏபிஐ கசிவுகளில் பூட்டின் பிழையைப் பெருஞ்சேதமாக வளர்த்தது பெரும்பாலும் பேரேட்டின் இல்லாமையே அல்லது அதைப் படிக்க ஆளில்லாமையே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பேரேடு முதலில்

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளுக்குப் பாதுகாப்பைச் சேர்க்க முனைவோர் இயல்பாகவே பூட்டிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் இதுவரை யார் யார் எந்த வழியாக வந்துபோகிறார்கள் என்று தெரியாத நிலையில் திடீரென்று பூட்டைப் போட்டால், மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைப்பவர் திருடராக இருக்கமாட்டார். பில் எடுக்க முடியாமல் தவிக்கும் வாடிக்கையாளராகவே இருப்பார். எனவே முதலில் சில வாரங்கள் எதையும் தடுக்காமல் எல்லாவற்றையும் பதிவுசெய்வதும், பிறகு புதிய விதியை நிழலாக ஓடவிட்டு, அது நடைமுறையில் இருந்திருந்தால் எந்தெந்தக் கோரிக்கைகளை மறுத்திருக்கும் என்று மட்டும் குறித்துக்கொள்வதும், அந்தப் பட்டியலில் நியாயமான வாடிக்கையாளர் எவரும் இல்லை என்று தெளிந்தபின் விதியை அமலுக்குக் கொண்டுவருவதும் சரியான வரிசையாகும்.

பேரேட்டின் ஒரு வரியில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கோரிக்கை வந்த நேரம், எந்த வாடிக்கையாளரின் எந்தச் சாவியோடு வந்தது, எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தது, ஏபிஐயின் எந்த முனையை, அதாவது எந்தக் குறிப்பிட்ட வேலைக்கான முகவரியைத் தொட்டது, எந்தப் பொருளைக் கேட்டது, என்ன குறியீட்டோடு பதில் போனது, எத்தனை மில்லிநொடி ஆயிற்று, பதிலின் அளவு என்ன என்பவை போதும். இவற்றோடு ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்த எண் ஒன்றைக் கொடுத்து, அந்தக் கோரிக்கைக்காக உள்ளே இயங்கும் எல்லாச் சேவைகளின் பதிவுகளிலும் அதே எண் ஏறுமாறு செய்து, வாடிக்கையாளருக்குப் போகும் பதிலிலும் அதைச் சேர்த்துவிட்டால், நேற்று மாலை ஏதோ ஒரு பில் வரவில்லை என்ற தெளிவற்ற புகார் ஒரே எண்ணில் தேடிப்பிடிக்கக்கூடிய நிகழ்வாக மாறிவிடுகிறது.

இந்த வரிகளில் பொருளின் எண் இடம்பெறுவது மிக முக்கியம். பல பேரேடுகள் பில் முனை தொடப்பட்டது என்று மட்டும் எழுதுகின்றன. எந்தப் பில் என்று எழுதுவதில்லை. கசிவு நேர்ந்தபின் எவருடைய தகவல் போயிற்று என்ற கேள்விக்கு அத்தகைய பேரேடு பதில் சொல்லாது. அப்போது நிறுவனம் எல்லா வாடிக்கையாளருக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டிய நிலைக்குத் தள்ளப்படும்.

இருக்கக் கூடாதவையும் உண்டு. கடவுச்சொல், முழுச் சாவி, அட்டை எண், கோரிக்கையின் முழு உள்ளடக்கம் ஆகியவை பேரேட்டில் ஏறினால், காவலுக்கு வைத்த ஏடே களவுக்குரிய பொருளாகிவிடும். கடவுச்சொற்களை, மூலத்தைத் திரும்பப் பெற முடியாத ஒருவழிச் சுருக்கமாக மாற்றிச் சேமிக்கும் முறையைக் கவனமாகப் பின்பற்றிவந்த டுவிட்டர் நிறுவனம், அந்த மாற்றம் முடிவதற்கு முன்பே அவை உள்பதிவேடு ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்ததைக் கண்டறிந்து, 2018 மே மாதம் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. தகவல் வெளியே போனதற்குச் சான்று இல்லை என்றே அந்நிறுவனம் கூறியது. ஆனாலும் பெட்டகத்தில் காட்டிய கவனத்தைப் பதிவேட்டில் காட்டத் தவறியதற்கான விலை அந்த அறிவிப்பு.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு விருப்பத்தைச் சார்ந்ததன்று. இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழுவான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கணினி அமைப்புகளின் பதிவுகள் 180 நாட்களுக்குப் பாதுகாக்கப்பட வேண்டும். பட்டியலிடப்பட்ட பாதுகாப்பு நிகழ்வுகள் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்லும் நிலையில் இருப்பதற்கு, பேரேடு அதற்கு முன்பே ஒழுங்காக எழுதப்பட்டுவந்திருக்க வேண்டும்.

வந்திருப்பது யார்

பூட்டின் முதல் அடுக்கு, வந்தவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று உறுதிசெய்வது. அடையாள உறுதிப்பாடு என்று இது வழங்கப்படும். நிறுவனத்துக்கு நிறுவனம் தகவல் பரிமாறும் எளிய ஏபிஐகளில் இதற்கு ஏபிஐ சாவி பயன்படுகிறது. சாவி என்பது ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாத அளவு நீளமுள்ள, தற்செயலாக உருவாக்கப்பட்ட எழுத்துக்கோவை. உருவாக்கும்போது ஒருமுறை மட்டும் வாடிக்கையாளருக்குக் காட்டிவிட்டு, சர்வரில் அதன் ஒருவழிச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது முறை. தரவுத்தளமே களவுபோனாலும் அதிலிருந்து சாவியை மீட்க முடியாது. மனிதர் தேர்ந்தெடுக்கும் கடவுச்சொற்களுக்கு வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட சுருக்க முறைகள் தேவை. சாவி தற்செயலாகவும் போதிய நீளத்தோடும் உருவாவதால் ஷா-256 போன்ற விரைவான முறையே அதற்குப் போதும். ஒவ்வொரு கோரிக்கையிலும் சாவியைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் இந்த வேறுபாடு நடைமுறையில் பெரிய ஆறுதல்.

ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே சாவி என்று வைப்பது பொதுவாகச் செய்யப்படும் பிழை. ஆடிட்டரின் மென்பொருளுக்கு ஒன்று, கிடங்கு மென்பொருளுக்கு ஒன்று என்று தனித்தனிச் சாவி இருந்தால்தான், ஒன்று கசியும்போது மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் செல்லாததாக்க முடியும். பேரேட்டிலும் எது எங்கே போயிற்று என்று பிரித்துப் பார்க்க முடியும். சாவியை மாற்றும் வேளையில் பழையதும் புதியதும் சில நாட்கள் சேர்ந்தே செல்லுபடியாகுமாறு இடம் விடாவிட்டால், மாற்றினால் வேலை நின்றுவிடுமே என்ற அச்சத்தில் எவரும் சாவியை மாற்றவே மாட்டார்கள்.

சாவி கசிவது பெரும்பாலும் பூட்டை உடைப்பதால் அன்று, நிரலாளர் அதை நிரலுக்குள் எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவதால். இதைக் கருத்தில்கொண்டு, நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப் 2021 ஏப்ரலில் சாவியைப் போலப் பயன்படும் தன் டோக்கன்களின் வடிவத்தையே மாற்றியமைத்தது. டோக்கனின் வகையைச் சுட்டும் சில எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் முன்னொட்டாகவும், பிழை காணும் சரிபார்ப்பு எழுத்துகள் கடைசியிலும் அமைந்ததால், களஞ்சியங்களைத் துழாவும் நிரல் ஒன்று எது டோக்கன், எது வெறும் எழுத்துக்குவியல் என்று வலையமைப்பைத் தொடாமலே பிரித்தறிய முடிந்தது. சிறிய நிறுவனமும் தன் சாவிகளுக்குத் தன் பெயரின் சுருக்கத்தை முன்னொட்டாக வைப்பதற்கு ஒரு செலவும் இல்லை.

மூன்றாம் தரப்பு மென்பொருள் ஒன்று பயனரின் சார்பாக வரும்போது சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. இணையச் சேவைகளின் தொடக்கக் காலத்தில் பயனர் தம் கடவுச்சொல்லையே அந்த மென்பொருளிடம் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டைக் கூட்ட வருபவரிடம் பீரோச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒப்பானது அது. இதற்கு மாற்றாக 2007இல் உருவானதே ஓஆத் என்னும் நெறிமுறை. கடவுச்சொல்லைக் காட்டாமல், இன்ன வேலைக்கு மட்டும், இன்ன காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் டோக்கன் ஒன்றைப் பயனரின் ஒப்புதலோடு அந்த மென்பொருளுக்குத் தருவது அதன் கருத்து. 2012 அக்டோபரில் அதன் இரண்டாம் பதிப்பு இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறுவது எப்படி என்பதற்கும் டுவிட்டரே எடுத்துக்காட்டு: முன்னறிவிப்புத் தந்து, ஒருமுறை கெடுவைத் தள்ளிவைத்து, கடைசி வாரங்களில் பழைய முறையில் வருவோருக்கான அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, 2010 ஆகஸ்ட் 31 அன்று அதை நிறுத்தியது. முன்னறிவிப்பைப் படிக்காதவருக்கும் மென்பொருள் தள்ளாடத் தொடங்கும்போது செய்தி எட்டிவிடும் என்பதே இந்த முறையின் நுட்பம்.

கேட்பது அவருடையதா

வந்தவர் யார் என்று தெரிந்தபின், அவர் கேட்கும் பொருள் அவருக்கு உரியதா என்று பார்ப்பது இரண்டாம் அடுக்கு. அனுமதி என்று இதைச் சொல்லலாம். இணையத்தில் கோரிக்கைகளும் பதில்களும் செல்லும் எச்டிடிபி நெறிமுறை இவ்விரண்டு தோல்விகளுக்கும் தனித்தனிக் குறியீடு வைத்திருக்கிறது: யாரென்று தெரியவில்லை என்பதற்கு 401, தெரியும் ஆனால் அனுமதி இல்லை என்பதற்கு 403. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் ஏபிஐ பாதுகாப்பின் மிகப் பரவலான ஓட்டை பிறக்கிறது.

பில் மென்பொருளின் எடுத்துக்காட்டுக்கே திரும்பினால், ஒரு கடைக்காரர் தம் செல்லுபடியாகும் சாவியோடு வந்து 1047ஆம் எண் பில்லைக் கேட்கிறார். அது அவருடையது, கிடைக்கிறது. அதே சாவியோடு 1048ஐக் கேட்கிறார். அது வேறொரு கடையின் பில். சாவி சரியானதா என்று மட்டும் பார்க்கும் நிரல் அதையும் தந்துவிடும். ஓவாஸ்ப் என்னும் தன்னார்வ அமைப்பு ஏபிஐக்கென்று தனியே வெளியிட்ட பத்து ஆபத்துகளின் பட்டியலில், 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2023ஆம் ஆண்டுப் பதிப்பிலும் முதலிடம் பெற்றது இந்தப் பொருள்வாரி அனுமதிப் பிழையே. எண்களை வரிசையாக வைக்காமல் ஊகிக்க முடியாத நீண்ட அடையாளங்களாக மாற்றுவது தாக்குபவரின் வேலையைக் கடினமாக்குமே தவிர, பிழையைத் தீர்க்காது; தரவுத்தளத்திலிருந்து பொருளை எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் இது இந்த வாடிக்கையாளருடையதா என்ற நிபந்தனை வினவலுக்குள்ளேயே இருப்பதுதான் தீர்வு. எழுதுபவரின் நினைவாற்றலை நம்பி இதை விடாமல், அந்த நிபந்தனை இல்லாமல் தரவுத்தளத்தைத் தொடவே முடியாதபடி நிரலின் அடித்தளத்தை அமைப்பது நல்லது.

ஆஸ்திரேலியாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுள் ஒன்றான ஆப்டஸில் 2022 செப்டம்பரில் நேர்ந்த கசிவு, அணுகல் கட்டுப்பாட்டில் நேரும் பிழை எப்படி நிலைத்துவிடுகிறது என்பதற்குச் சான்று. ஆஸ்திரேலியத் தகவல்தொடர்பு, ஊடக ஆணையம் நீதிமன்றத்தில் முன்வைத்த மனுவின்படி, ஏபிஐயின் அணுகல் கட்டுப்பாட்டைச் செயலிழக்கச் செய்த நிரற்பிழை 2018இலேயே புகுந்திருந்தது. 2021 ஆகஸ்டில் நிறுவனம் தன் முதன்மை இணையதளத்தில் அதைக் கண்டறிந்து திருத்தவும் செய்தது. ஆனால் அதே பிழை இருந்த இன்னொரு முகவரி, எந்தத் தேவையும் இல்லாத நிலையிலும் இணையத்தை நோக்கித் திறந்தபடி விடப்பட்டிருந்தது. 2022 செப்டம்பர் 17 முதல் 20 வரையிலான நாட்களில் அந்த வழியாக ஏறத்தாழ 95 லட்சம் பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டன. இதற்கு உயர்ந்த திறமை எதுவும் தேவைப்படவில்லை, முயன்று பார்த்துப் பார்த்தே செய்யக்கூடியதுதான் என்பது ஆணையத்தின் கருத்து. பிழையைத் திருத்தத் தெரியாததால் அன்று, அதே பிழை வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்ற பட்டியல் கையில் இல்லாததால் நேர்ந்த இழப்பு இது.

எத்தனை முறை கேட்கலாம்

யார், எது என்பவற்றுக்குப் பின் எவ்வளவு என்பது மூன்றாம் அடுக்கு. குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை கோரிக்கைகள் மட்டும் என்று வகுப்பது வீத வரம்பு எனப்படும். எடுத்துக்காட்டாக, கிட்ஹப்பின் ஏபிஐ யாரென்று சொல்லாமல் வருபவருக்கு மணிக்கு 60 கோரிக்கைகளையும், அடையாளத்தோடு வருபவருக்கு 5,000 கோரிக்கைகளையும் பொது வரம்பாக வைத்திருக்கிறது. வரம்பு மீறியவருக்குத் தரப்படும் 429 என்ற குறியீடு 2012இல் எச்டிடிபியில் சேர்க்கப்பட்டது. எத்தனை நொடி கழித்து வரலாம் என்பதையும் அந்தப் பதிலிலேயே சொல்லிவிடுவது மரியாதையும் பயனும் உள்ள வழக்கம்.

நிமிடத்துக்கு நூறு என்று நிமிட முள்ளை வைத்து எண்ணினால், நிமிடத்தின் கடைசி நொடியில் நூறும் அடுத்த நிமிடத்தின் முதல் நொடியில் நூறுமாக இரண்டே நொடியில் இருநூறு கோரிக்கைகள் விதியை மீறாமலே வந்துவிடும். இதைத் தவிர்க்கப் பயன்படும் டோக்கன் வாளி முறையில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் குறிப்பிட்ட கொள்ளளவுள்ள வாளி ஒன்று இருப்பதாகக் கருதப்படுகிறது. அதில் சீரான வேகத்தில் டோக்கன்கள் (இவை முன்சொன்ன அணுகல் டோக்கன்கள் அல்ல, வெறும் எண்ணிக்கைச் சில்லுகள்) சொட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கோரிக்கையும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். வாளி வற்றினால் காத்திருக்க வேண்டும். சிறிது நேரம் சும்மா இருந்தவர் சற்று வேகமாக வரலாம், ஆனால் நீண்ட நேரச் சராசரி வரம்பைத் தாண்டாது. எல்லாக் கோரிக்கைகளும் ஒரே விலையுடையவை அல்ல என்பதால், ஒரு பில்லை எடுப்பதற்கு ஒரு டோக்கனும் ஓராண்டு அறிக்கையைக் கேட்பதற்கு ஐம்பது டோக்கன்களும் என்று வைப்பது அறிவுடைமை.

வரம்பு என்றவுடன் தீயவரைத் தடுப்பது என்றே பலரும் எண்ணினாலும், நல்லவரின் பதற்றத்திலிருந்து காப்பதே அதன் பெரும்பணி. இதற்கு இந்தியாவின் யுபிஐ கட்டமைப்பில் 2025இல் நடந்தவற்றைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அந்த ஆண்டு மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடெங்கும் பணப் பரிமாற்றங்கள் தடைப்பட்டன. ஏப்ரல் நிகழ்வுக்குக் காரணமாக, பரிமாற்றத்தின் நிலை என்ன என்று கேட்கும் ஏபிஐயைச் சில வங்கிகள் போதிய இடைவெளியின்றித் திரும்பத் திரும்ப, பழைய பரிமாற்றங்களுக்கும் சேர்த்து அழைத்ததை யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் சுட்டிக்காட்டியது. இதன் உள்ளியக்கம் கவனிக்கத்தக்கது. பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாத பரிமாற்றங்களுக்கே நிலை கேட்கப்படுகிறது. அமைப்பு சற்றுத் தாமதித்தால் தெரியாதவை பெருகும். அவை பெருகினால் கேள்விகள் பெருகும். கேள்விகள் பெருகினால் அமைப்பு இன்னும் தாமதிக்கும். எவரும் தாக்காமலே, ஒவ்வொருவரும் தத்தம் வாடிக்கையாளரின் நலனைக் கருதிக் கேட்ட கேள்விகளே நெரிசலாகிவிடுகின்றன.

இதையடுத்துக் கழகம் எடுத்த நடவடிக்கைகள் வீத வரம்பைப் பற்றிய பாடநூலாகவே அமைந்தன. அதிகம் பயன்படும் ஏபிஐகளின் அழைப்பைக் கண்காணித்து மட்டுப்படுத்தும்படி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை போயிற்று. 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒரு செயலியில் ஒரு வாடிக்கையாளர் நாளொன்றுக்கு 50 முறை மட்டுமே கணக்கிருப்பைப் பார்க்கலாம் என்றும், தம் எண்ணோடு இணைந்த கணக்குகளின் பட்டியலை 25 முறை மட்டுமே கேட்கலாம் என்றும் ஆயிற்று. இவற்றைவிட நுட்பமானது, ஒவ்வொரு பரிமாற்றம் வெற்றிபெற்ற செய்தியோடும் மீதியிருப்பையும் சேர்த்தே அனுப்பும்படி வங்கிகளுக்குச் சொன்னது. கேள்வியைத் தடுப்பது ஒரு வழி. கேள்வி எழாமல் பதிலை முன்பே தந்துவிடுவது அதனினும் மேலான வழி. ஆனால் எந்தக் கேள்வி எதற்குப்பின் எழுகிறது என்பது பேரேட்டைப் படித்தவருக்கு மட்டுமே தெரியும்.

ஏபிஐயை அழைக்கும் மென்பொருளை எழுதுபவருக்கும் இதில் கடமை உண்டு. பதில் வராதபோது உடனே திரும்பக் கேளாமல், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து, அதோடு தற்செயலான சில நொடிகளைக் கூட்டிக்கொள்வது நல்ல வழக்கம். அந்தத் தற்செயல் இல்லாவிட்டால் ஒரே வேளையில் தோற்ற ஆயிரம் மென்பொருள்களும் ஒரே வேளையில் திரும்பி வந்து நிற்கும்.

பேரேட்டை வாசித்தல்

எழுதப்பட்ட பேரேட்டை எவரும் படிக்காவிட்டால் அது வட்டில் இடத்தை அடைக்கும் சரக்கு மட்டுமே. 2023 ஜனவரியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான டி-மொபைல் பங்குச்சந்தை ஆணையத்துக்கு அளித்த அறிக்கையின்படி, ஒருவர் அதன் ஏபிஐ ஒன்றின் வழியாக ஏறத்தாழ 3.7 கோடி வாடிக்கையாளர் கணக்குகளின் விவரங்களை எடுத்திருந்தார். 2022 நவம்பர் 25 வாக்கில் தொடங்கிய இது 2023 ஜனவரி 5 அன்றுதான் கண்டறியப்பட்டது; கண்டறிந்த ஒரு நாளைக்குள் மூலம் தெரிந்து நிறுத்தப்பட்டது. நிறுத்துவதற்கு ஒரு நாள், கவனிப்பதற்கு 41 நாட்கள் என்பதே இந்நிகழ்வின் சுருக்கம்.

எதிர்முனையில் ஃபேஸ்புக்கின் 2018ஆம் ஆண்டு நிகழ்வு இருக்கிறது. பயனர்களின் அணுகல் டோக்கன்களைக் களவாட இடம் தந்த ஓட்டை 2017 ஜூலை முதலே இருந்துவந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது பாதுகாப்புச் சோதனை எதுவும் அன்று. 2018 செப்டம்பர் 14 அன்று தொடங்கிய வழக்கத்துக்கு மாறான பயன்பாட்டு ஏற்றம். அதைத் தொடர்ந்துபோன பொறியாளர்கள் 25ஆம் தேதி அது தாக்குதல் என்று உறுதிசெய்து, இரண்டு நாட்களுக்குள் அடைத்தார்கள். ஏறத்தாழ மூன்று கோடிப் பேரின் டோக்கன்கள் அதற்குள் போய்விட்டன என்றாலும், பயன்பாட்டின் கோடு ஏறியதைப் பார்த்த கண் இல்லாதிருந்தால் அந்த எண் எங்கே நின்றிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

எதைப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. தாமதம், போக்குவரத்து, பிழைகள், நிரம்பிய அளவு என்னும் நான்கு அளவைகளை கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட தள நம்பகப் பொறியியல் நூல் பரிந்துரைக்கிறது. அமைப்பின் உடல்நலத்துக்கு இவை போதுமானவை. தாமதத்தைச் சராசரியாகப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். நூறில் தொண்ணூற்றொன்பது கோரிக்கைகள் ஐம்பது மில்லிநொடியிலும் ஒன்று ஐந்து நொடியிலும் முடிந்தால் சராசரி நூறு மில்லிநொடி அளவில் நல்லதாகவே தோன்றும், ஆனால் அந்த ஒன்று மிகப் பெரிய வாடிக்கையாளருடையதாக இருக்கக்கூடும்.

களவைக் கண்டறிய இந்த நான்கோடு வேறு சில கணக்குகளும் தேவை. ஒரு சாவி ஒரு மணி நேரத்தில் எத்தனை வெவ்வேறு பொருள்களைத் தொட்டது என்பது அவற்றுள் முதன்மையானது. ஆடிட்டரின் மென்பொருள் நாளும் நானூறு பில்களை எடுப்பது இயல்பு, ஒருநாள் நாற்பதாயிரம் எடுத்தால் அது செய்தி. அனுமதி மறுப்புகளும் இல்லாத பொருளைக் கேட்டவையும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு, கேட்ட எண்கள் வரிசையாக ஏறுகின்றனவா, பல மாதம் உறங்கிய சாவி திடீரென்று விழித்ததா என்பவை அடுத்து வருபவை. ஐபி முகவரியை மட்டும் வைத்து எண்ணுவது போதாது. ஆப்டஸ் நிகழ்வில் தாக்கியவர் வாடிக்கையாளரின் இயல்பான நடத்தையைப் போலவே நடந்துகொண்டு, பல பத்தாயிரம் முகவரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார் என்று அந்நிறுவனமே கூறியது. கேட்பவரின் முகம் மாறிக்கொண்டே இருக்கும்போது, எடுக்கப்படும் பொருளின் பக்கத்திலிருந்து எண்ணுவதே எஞ்சியிருக்கும் வழி.

இதே பேரேடு வணிகத்துக்கும் அடிப்படையாகிறது. ரெடிட் நிறுவனம் 2023இல் தன் ஏபிஐக்கு ஆயிரம் அழைப்புகளுக்கு 0.24 டாலர் என்று விலை வைத்தபோது, மாதம் ஏறத்தாழ 700 கோடி அழைப்புகள் செய்துவந்த அப்பல்லோ என்னும் செயலிக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் ஆகும் என்று அதை உருவாக்கியவர் கணக்கிட்டு, அந்த ஜூன் மாத இறுதியோடு செயலியை மூடினார். விலையின் நியாயம் வேறு விவாதம். எண்ணிக்கையே பணமாக மாறும் இடத்தில் அந்த எண்ணிக்கை பிழையின்றி இருக்க வேண்டும் என்பதே இங்குப் பொருத்தமானது. சிக்கலை ஆராய்வதற்கான பதிவுகளில் நூற்றுக்கு ஒன்றை மாதிரியாக எடுத்து வைத்தால் போதும். கட்டணத்துக்கான கணக்கில் ஒன்றும் விடுபடக் கூடாது, சர்வரின் பிழையால் தோற்று மறுபடி வந்த கோரிக்கைக்கு இரண்டுமுறை வசூலிக்கவும் கூடாது. வாடிக்கையாளரும் தம் பயன்பாட்டைத் தாமே பார்க்கும்படி ஒரு பக்கம் இருந்தால், தம் சாவியின் பெயரில் தாம் செய்யாத வேலை நடப்பதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

வெற்றுப் பக்கங்கள்

ஓவாஸ்ப்பின் 2019ஆம் ஆண்டுப் பட்டியலில் பத்தாமிடத்தில் போதாத பதிவும் கண்காணிப்பும் என்ற தலைப்பு இருந்தது. 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் அது தனித்தலைப்பாக இல்லை. ஏபிஐகளின் கையிருப்புக் கணக்கைச் சரியாகப் பேணாமை என்பது இரண்டு பதிப்புகளிலும் ஒன்பதாமிடத்தில் இருக்கிறது. பதிவு பற்றிய தலைப்பு நீங்கியதால் கண்காணிப்பின் முக்கியத்துவம் குறைந்துவிட்டது என்று பொருள் கொள்வது தவறாகும். கையிருப்புக் கணக்கும் பேரேட்டைச் சார்ந்ததே: தன்னிடம் எத்தனை வாசல்கள் உள்ளன என்று நிறுவனத்துக்குத் தெரிவதே பேரேட்டின் வழியாகத்தான்.

மூன்று நான்கு பேர் மட்டும் வேலைசெய்யும் சிறு நிறுவனம் இவை அனைத்தையும் ஒரே மாதத்தில் செய்துவிட முடியாது, செய்யவும் தேவையில்லை. எல்லாக் கோரிக்கைகளும் ஒரே கேட்வே வழியாக, அதாவது எல்லாச் சேவைகளுக்கும் முன்னால் நிற்கும் ஒரே நுழைவாயில் வழியாகச் செல்லுமாறு செய்து அங்கே வரிவரியாக எழுதத் தொடங்குவது முதல் வேலை. சாவிகளைப் பிரித்துக் கொடுப்பது இரண்டாவது. பொருள்வாரி அனுமதியைத் தரவுத்தள வினவலுக்குள் கொண்டுபோவது மூன்றாவது. வரம்புகள் அதன்பின் வரலாம், பேரேடு காட்டும் இயல்பான பயன்பாட்டைவிடச் சற்றுத் தாராளமாக.

இவற்றோடு மாதம் ஒருமுறை செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. ஏபிஐயின் எல்லா முனைகளையும் முகவரிகளையும் ஒரு பக்கத்திலும், கடந்த தொண்ணூறு நாட்களில் அவை ஒவ்வொன்றுக்கும் வந்த கோரிக்கைகளின் எண்ணிக்கையை எதிர்ப்பக்கத்திலும் எழுதிப் பார்க்கலாம். பெரிய எண்களையே எவரும் முதலில் பார்ப்பர். பார்க்க வேண்டியது சுழியம் நிற்கும் வரிகளை. அழைப்பவர் இல்லாத வாசலை மூடுவதால் எந்த வாடிக்கையாளருக்கும் நட்டமில்லை. ஆப்டஸின் அந்த முகவரியும் தேவையின்றிக் கிடந்த நாட்கள் முழுவதும் இப்படிப்பட்ட ஒரு பக்கத்தில் ஒரு வரியாக நின்றிருக்கக்கூடியதுதான்.